ஆஸ்திரேலியாவில் மருத்துவக் காப்பீடு: விலையை விடத் தேதி முக்கியம்

என் அம்மா முதல்முறை சிட்னிக்கு வந்தபோது, விமானம் ஏறுவதற்கு முந்தின நாள்தான் அவருக்குக் காப்பீடு எடுத்தேன். இணையத்தில் இருந்ததிலேயே விலை குறைந்தது. ஆறாவது வாரம் ஒரு ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்ஸ் வந்தது, அரசு மருத்துவமனையில் சேர்த்தோம், பித்தப்பையில் கல் என்றார்கள். அறுவை சிகிச்சை நடந்தது. மருத்துவர்களும் நர்ஸ்களும் அருமையாகப் பார்த்துக்கொண்டார்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

பணம் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. அவசரப் பிரிவில் மருத்துவர் விசாரித்தபோது அம்மா உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தார்: "ஆறேழு மாசமா இப்படித்தான் அப்பப்ப வலிக்கும். சோடா குடிச்சா சரியாயிடும்." திருச்சியில் அவருக்குப் பித்தப்பைக் கல் என்று யாரும் சொன்னதில்லை, ஸ்கேன் எடுத்ததும் இல்லை. ஆனால் இங்கே "ஏற்கெனவே இருந்த நோய்" என்பதற்கு விளக்கமே வேறு. பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 6 மாதத்துக்குள் அறிகுறி இருந்திருந்தால் போதும், நோயின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதை முடிவு செய்வதும் காப்பீட்டு நிறுவனம் நியமிக்கும் மருத்துவர்தான். அப்படிப்பட்ட நோய்க்கு 12 மாதக் காத்திருப்பு, அதாவது பாலிசி எடுத்து அத்தனை மாதம் ஆகும் வரை அந்த நோய்க்குப் பணம் தர மாட்டார்கள். அம்மா வந்து 6 வாரம்தான் ஆகியிருந்தது. 17,000 டாலருக்கு மேல் வந்த பில்லைத் தவணையில் கட்டி முடிக்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

அதற்குப் பிறகு யார் ஆஸ்திரேலியா வருவதாகச் சொன்னாலும் நான் முதலில் கேட்பது தேதிகளைத்தான். எந்த விசா, எந்த நாளில் வருகிறீர்கள், எவ்வளவு நாள் இருப்பீர்கள், மெடிகேரில் எப்போது பதிந்தீர்கள் என்று கேட்பேன். இந்த நாட்டுக் காப்பீட்டில் பெரிய இழப்புகள் தேதியைத் தவறவிட்டதால்தான் வருகின்றன. பிரீமியத்தில் மாதம் 20 டாலர் கூடக் குறைய இருப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

முதல் படி: மெடிகேர் உங்களுக்கு உண்டா?

மெடிகேர் என்பது ஆஸ்திரேலிய அரசின் பொது மருத்துவத் திட்டம். 1984 பிப்ரவரியில் தொடங்கியது. குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை விசா, அதாவது நாம் பேச்சில் சொல்லும் பி.ஆர். வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அரசு மருத்துவமனையில் அரசு நோயாளியாகச் சேர்ந்தால் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. குடும்ப மருத்துவரிடம் (இங்கே எல்லாரும் ஜி.பி. என்பார்கள்) போனால், அவர் பல்க் பில்லிங் செய்பவராக இருந்தால் நீங்கள் பணம் தர வேண்டாம். மற்ற இடங்களில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும்.

அட்டையின் நிறத்தை வைத்தே உங்கள் நிலையைச் சொல்லிவிடலாம். பச்சை அட்டை குடிமக்களுக்கும் பி.ஆர். ஆனவர்களுக்கும். நீல அட்டை, நாட்டுக்குள் இருந்தபடி பி.ஆர்.க்கு விண்ணப்பித்துவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர்களில் தகுதி உள்ளவர்களுக்கு இடைக்காலமாகத் தருவது. பெற்றோர் விசாவுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு இந்த நீல அட்டை கிடைக்காது, அதைப் பலர் தெரியாமல் நம்பிக்கொண்டு இருக்கிறார்கள். மஞ்சள் அட்டை, ஆஸ்திரேலியாவுடன் பரஸ்பர ஒப்பந்தம் உள்ள 11 நாடுகளிலிருந்து வருபவர்களுக்கு: பிரிட்டன், அயர்லாந்து, நியூசிலாந்து, சுவீடன், நார்வே, பின்லாந்து, நெதர்லாந்து, பெல்ஜியம், இத்தாலி, மால்டா, ஸ்லொவேனியா. இவற்றில் அயர்லாந்து, நியூசிலாந்துப் பார்வையாளர்களுக்கு மட்டும் அட்டை தருவதில்லை, பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும்.

அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எதுவும் இல்லை. லண்டனில் குடியிருக்கும் சித்தப்பா இங்கே வந்து திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனால் மெடிகேர் கைகொடுக்கும். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வரும் அத்தைக்குக் கைகொடுக்காது. ஒரே வீட்டில் ஒரே வாரத்தில் வந்து தங்கும் இரண்டு பேருக்கு இரண்டு விதி.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மெடிகேர் அரசுத் திட்டம். மெடிபேங்க் ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனம். ஒரு காலத்தில் அரசிடம் இருந்தது, 2014-இல் பங்குச் சந்தைக்குப் போய்விட்டது. புதிதாக வந்தவர்கள் இரண்டும் ஒன்று என்று நினைத்து, "எனக்கு ஏற்கெனவே இருக்கிறதே" என்று இருந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மாணவராக வந்தால்

மாணவர் விசாவுக்கு ஓ.எஸ்.எச்.சி. என்னும் வெளிநாட்டு மாணவர் காப்பீடு கட்டாயம். விசாக் காலம் முழுவதற்கும் எடுத்திருக்க வேண்டும். படிப்பு தொடங்கும் நாளிலிருந்து கணக்கிட்டால் போதாது, நாட்டுக்குள் கால் வைக்கும் நாளிலிருந்து வேண்டும். பல பல்கலைக்கழகங்கள் தாங்களே ஒரு நிறுவனத்தோடு ஏற்பாடு செய்து கட்டணத்தோடு சேர்த்துவிடும். அதையேதான் எடுக்க வேண்டும் என்று இல்லை. ஏ.எச்.எம்., அலையன்ஸ், பூப்பா, மெடிபேங்க், நிப் என்று சில நிறுவனங்கள் மட்டுமே இதை விற்கின்றன, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. அடிப்படைப் பலன்களை அரசு ஒப்பந்தம் மூலமாக வகுத்திருப்பதால் பெரிய வித்தியாசம் இருக்காது. உங்கள் விடுதிக்குப் பக்கத்தில் எந்த ஜி.பி. எந்த நிறுவனத்துக்கு நேரடியாகப் பில் அனுப்புகிறார் என்று பார்த்து எடுங்கள். அப்போது கையிலிருந்து பணம் கொடுத்துவிட்டு அப்புறம் திரும்பப் பெறும் அலைச்சல் குறையும்.

பல், கண்ணாடி, பிசியோதெரபி இதெல்லாம் மாணவர் காப்பீட்டில் வராது. கிளம்பும் முன் ஊரிலேயே பல்லைக் காட்டிவிட்டு, இரண்டு கண்ணாடியாக வாங்கி வாருங்கள். பல் வைத்தியச் செலவு இங்கே கடுமையானது.

கணவன் அல்லது மனைவி பின்னால் வருவதாக இருந்தால், அவர் வரும் நாளுக்கு முன்பே தனிநபர் பாலிசியை இருவர் பாலிசியாக மாற்றுங்கள். கர்ப்பம் பற்றிய காத்திருப்பு விதியை விசாக் காலத்தையும் பாலிசியையும் சொல்லி எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் யாரோ சொன்னதை நம்பி ஒரு பிரசவத்தைத் திட்டமிடக் கூடாது.

வேலைக்கு வந்தால்

482 விசாவில் வேலைக்கு வருபவர்களுக்கும், படிப்பு முடித்து 485 விசாவுக்குப் போகிறவர்களுக்கும் ஓ.வி.எச்.சி. என்னும் வெளிநாட்டு வருகையாளர் காப்பீடு. விசாவில் 8501 என்ற நிபந்தனை இருந்தால், இங்கே இருக்கும் நாள் முழுக்க காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்று அர்த்தம். நடுவில் பிரீமியம் கட்டாமல் விட்டால் அது பணப் பிரச்சினையோடு நிற்காது, விசா நிபந்தனையை மீறியதாகிவிடும். வேலை மாறும்போதுதான் இந்தத் தவறு அதிகம் நடக்கிறது. பழைய கம்பெனி கட்டிக்கொண்டிருந்த காப்பீடு கடைசி வேலை நாளோடு நின்றுவிடும், புதிய கம்பெனியில் சேர இரண்டு வாரம் இருக்கும். அந்த இரண்டு வாரத்துக்கும் சேர்த்துத்தான் 8501.

485-க்கு விண்ணப்பிக்கும்போதே காப்பீட்டுச் சான்று கேட்பார்கள். மாணவர் காப்பீட்டில் இன்னும் நாள் பாக்கி இருக்கிறதே என்று இருக்காதீர்கள், அது மாணவர் விசாவுக்கானது. புதிய பாலிசி எடுத்து, பழையதில் மீதி உள்ள காலத்துக்குப் பணம் திருப்பிக் கேளுங்கள். அதோடு, மாணவராக இருந்தபோது நீங்கள் முடித்த காத்திருப்புக் காலத்தைப் புதிய நிறுவனம் ஏற்றுக்கொள்ளுமா என்றும் கேளுங்கள். ஏற்றுக்கொண்டால் அது மாதம் சில டாலர் தள்ளுபடியை விட மதிப்புள்ளது.

இந்தக் காப்பீடுகள் பொதுவாக மூன்று தரத்தில் இருக்கும். அடிப்படையானது விசா நிபந்தனையை மட்டும் நிறைவேற்றும்: மருத்துவமனைச் செலவு, ஆம்புலன்ஸ். நடுத்தரமானதில் ஜி.பி.யும் சில பரிசோதனைகளும் சேரும். மேல் தரத்தில்தான் பெரும்பாலும் பிரசவம் வரும், அதற்கும் 12 மாதக் காத்திருப்பு. திருமணமாகி வரும் இளம் தம்பதிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அடுத்த இரண்டு வருடத்தில் குழந்தை என்ற எண்ணம் இருந்தால் வந்த மாதமே மேல் தரத்தை எடுங்கள். கர்ப்பம் உறுதியான பிறகு எடுத்தால் ஒன்பது மாதம் பன்னிரண்டு மாதத்தை எட்டாது.

வேலை விசாவில் இருப்பவர்கள் பலர் விட்டுவிடும் பணம் ஒன்று இருக்கிறது. இங்கே வருமான வரியோடு 2 சதவீதம் மெடிகேர் வரி பிடிப்பார்கள். மெடிகேருக்குத் தகுதி இல்லாதவர் அந்த 2 சதவீதத்தைக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் அது தானாக நடக்காது. சர்வீசஸ் ஆஸ்திரேலியா என்ற அரசுத் துறையிடம் மெடிகேர் என்டைட்டில்மென்ட் ஸ்டேட்மென்ட் என்ற சான்றை விண்ணப்பித்து வாங்கி, வரிக் கணக்குக் காட்டும்போது விலக்குக் கேட்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டுக்கும் தனித்தனியாக. 80,000 டாலர் வரிக்குரிய வருமானம் உள்ளவருக்கு இது 1,600 டாலர். கிட்டத்தட்ட ஒரு அடிப்படைக் காப்பீட்டின் வருடச் செலவை இதிலேயே சரிக்கட்டிவிடலாம்.

அப்பா அம்மா வருகிறார்கள்

இதற்குத்தான் அதிக நேரம் எடுக்கப் போகிறேன். இங்கேதான் குடும்பங்கள் உடைந்து போகிற அளவுக்குப் பணம் போகிறது.

பெற்றோர் பெரும்பாலும் 600 என்ற பார்வையாளர் விசாவில் வருகிறார்கள். மூன்று மாதம் முதல் பன்னிரண்டு மாதம் வரை தங்கலாம். சிலருக்கு 8501 நிபந்தனை இருக்கும், சிலருக்கு இருக்காது. 3 அல்லது 5 வருடத்துக்கான 870 என்ற தற்காலிகப் பெற்றோர் விசாவில் வருபவர்களுக்குக் காப்பீடு கட்டாயம். நிபந்தனை இல்லாவிட்டாலும் காப்பீடு இல்லாமல் கூட்டி வராதீர்கள். அரசு மருத்துவமனை என்றால் இலவசம் என்பது மெடிகேர் உள்ளவருக்குத்தான். இல்லாதவரிடம் முழுக் கட்டணம். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நாளுக்கே ஆயிரக்கணக்கான டாலர் ஆகும்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று ஊரிலேயே எடுக்கும் பயணக் காப்பீடு. இன்னொன்று ஆஸ்திரேலிய நிறுவனத்தின் ஓ.வி.எச்.சி. இரண்டிலும் ஓட்டை உண்டு, ஓட்டை இருக்கும் இடம்தான் வேறு.

ஊரில் எடுக்கும் பயணக் காப்பீடு மலிவு. பெட்டி தொலைந்தால், விமானம் தாமதமானால், உடலை ஊருக்குக் கொண்டுபோக வேண்டி வந்தால் அதற்கும் சேர்த்துப் பணம் தரும். ஆனால் வயதுக்கு ஏற்பப் பணத்துக்கு உச்சவரம்பு வைத்திருப்பார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றால் வந்த சிக்கல் என்றால் ஒன்றும் இல்லை என்பார்கள், அல்லது உயிருக்கு ஆபத்தான கட்டத்துக்கு மட்டும் ஒரு சிறு தொகை. நம் ஊரில் அறுபது தாண்டியவர்களில் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லாதவர் எத்தனை பேர்? ஆகவே விண்ணப்பத்தில் எல்லா நோயையும் எழுதி, அதற்குக் கூடுதல் பிரீமியம் கட்டி, ஏற்றுக்கொள்ளும் பாலிசியாகத் தேடுங்கள். ஏஜென்ட் "அதெல்லாம் எழுத வேண்டாம் சார்" என்றால் அவரிடம் எடுக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் முழுவதையும் நிராகரிக்க அவர்களுக்கு அதுவே காரணம்.

ஓ.வி.எச்.சி.யில் மருத்துவமனை அனுமதிக்கு நிறைய இடங்களில் நிறுவனமே நேரடியாகப் பணம் கட்டும். அதற்கு உச்சவரம்பும் பொதுவாக உயரமாக இருக்கும். ஓட்டை, நான் விழுந்த அதே இடம்தான்: ஏற்கெனவே இருந்த நோய்க்கு 12 மாதம். ஆறு மாதம் தங்கிப் போகும் அப்பாவுக்கு அந்தப் பகுதி இருந்தும் இல்லாதது போல. ஆனால் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், நிமோனியா வந்தால், கார் விபத்து என்றால் பலன் உண்டு. வயதானவர்களுக்கு ஈரக் குளியலறைத் தரையும் பழக்கமில்லாத மாடிப்படியும் இங்கே முதல் மாதத்தில் நிஜமான ஆபத்துகள்.

என் கணிப்பு இதுதான். மூன்று மாதத்துக்குள் திரும்புகிறவர்களுக்கு, நோய்களை ஒப்புக்கொண்டு எழுதிய நல்ல பயணக் காப்பீடு போதும். அதற்கு மேல் தங்குபவர்களுக்கும், வருடா வருடம் வந்து போகிறவர்களுக்கும், 870-இல் வருபவர்களுக்கும் ஓ.வி.எச்.சி. திரும்பத் திரும்ப வருகிறவர்கள் ஊருக்குப் போகும்போது பாலிசியை ரத்து செய்யாமல் இடைநிறுத்த முடியுமா, அப்படி நிறுத்தினால் முடித்த காத்திருப்பு மாதங்கள் கணக்கில் இருக்குமா என்று கேளுங்கள். ரத்து செய்தால் அடுத்த முறை ஒன்றிலிருந்து எண்ண வேண்டி வரும்.

எடுக்கும் முன் பாலிசி ஆவணத்தில் இவற்றைத் தேடிப் படியுங்கள். அரசு மருத்துவமனை வெளிநாட்டு நோயாளியிடம் கேட்கும் முழுக் கட்டணத்தையும் தருமா, அல்லது மெடிகேர் பட்டியல் விலையை, அதாவது ஒவ்வொரு சிகிச்சைக்கும் அரசு குறித்திருக்கும் விலையை மட்டும் தருமா? அந்த இரண்டுக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது. அவசரப் பிரிவில் பார்த்துவிட்டு அட்மிட் ஆகாமல் அனுப்பினால் அதற்குப் பணம் உண்டா? பலரும் இதைப் பார்ப்பதில்லை, ஆனால் பெரும்பாலான ராத்திரி ஓட்டங்கள் அப்படித்தான் முடிகின்றன. ஆம்புலன்ஸ் உண்டா? வருடத்துக்கு மொத்த வரம்பு என்ன? வெளியே வாங்கும் மருந்துக்கு எவ்வளவு?

கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே ஊரில் ஒரு முழுப் பரிசோதனை செய்துவிடுங்கள். வயிற்று ஸ்கேன், இதயப் பரிசோதனை, கண், பல். சந்தேகமாக எது தெரிந்தாலும் அங்கேயே முடித்துவிட்டு வரட்டும். என் அம்மாவுக்கு அந்த ஸ்கேனை எடுத்திருந்தால் திருச்சியிலேயே சிகிச்சை முடிந்திருக்கும். மருந்துகளைப் பொறுத்தவரை, சொந்த உபயோகத்துக்கு மூன்று மாதத்துக்கானதைக் கொண்டுவரலாம். பெட்டியோடும் மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தோடும் கொண்டுவந்து, விமான நிலையத்தில் படிவத்தில் "ஆம்" என்று குறித்துக் காட்டுங்கள். மாத்திரைகளைப் பிரித்து வாராந்திர டப்பாவில் போட்டுக் கொண்டுவரும் பழக்கத்தை வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பி.ஆர். கிடைத்ததும் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கும்

பி.ஆர். வந்துவிட்டது, மெடிகேர் கிடைத்துவிட்டது, இனித் தனியார் காப்பீடு எதற்கு என்று பலர் வெளிநாட்டு வருகையாளர் காப்பீட்டை நிறுத்திவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். நிறுத்துவது சரி. நிம்மதியாக இருக்க 12 மாதம்தான் அவகாசம்.

லைஃப்டைம் ஹெல்த் கவர் என்று ஒரு விதி 2000 ஜூலையிலிருந்து இருக்கிறது. 31 வயதுக்கு மேல் மருத்துவமனைக் காப்பீட்டில் சேர்பவருக்கு, 30-ஐத் தாண்டிய ஒவ்வொரு வருடத்துக்கும் பிரீமியத்தில் 2 சதவீதம் கூடும். உச்சம் 70 சதவீதம். 40 வயதில் சேர்ந்தால் 20 சதவீதம் கூடுதல். தொடர்ந்து 10 வருடம் கட்டிய பிறகுதான் அது நீங்கும். முப்பத்தெட்டிலும் நாற்பத்திரண்டிலும் குடியேறும் நமக்கு இது அநியாயமாகத் தெரியும் என்பதால் புதிதாக வருபவர்களுக்குச் சலுகை வைத்திருக்கிறார்கள். முழு மெடிகேரில் பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் மருத்துவமனைக் காப்பீடு எடுத்துவிட்டால், எந்த வயதானாலும் கூடுதல் இல்லை. நீல அட்டை கிடைத்தாலே அந்த 12 மாதம் தொடங்கிவிடும். பச்சை அட்டை வரட்டும் என்று காத்திருந்து ஏமாந்தவர்கள் உண்டு. ஓ.வி.எச்.சி.யை ஐந்து வருடம் கட்டியிருந்தாலும் இந்தக் கணக்கில் சேராது. மெடிகேரில் பதிந்த தேதியைக் கைப்பேசி நாட்காட்டியில் குறித்து, பத்தாவது மாதத்தில் நினைவூட்டல் வையுங்கள்.

இரண்டாவது விஷயம் வருமானம். 2025-26 நிதியாண்டில் தனிநபர் வருமானம் 101,000 டாலரையும், குடும்ப வருமானம் 202,000 டாலரையும் தாண்டினால், மருத்துவமனைக் காப்பீடு இல்லாதவர் 1 முதல் 1.5 சதவீதம் வரை மெடிகேர் கூடுதல் வரி கட்ட வேண்டும். முன்பு சொன்ன 2 சதவீதத்துக்கு மேல் இது. 110,000 டாலர் சம்பாதிக்கும் தனியாளுக்கு 1,100 டாலர். அந்தப் பணத்துக்கு ஒரு எளிய மருத்துவமனைக் காப்பீட்டின் பெரும்பகுதியைக் கட்டிவிடலாம். பாலிசியின் எக்ஸஸ், அதாவது அட்மிட் ஆகும்போது நீங்கள் முதலில் கட்டும் தொகை, தனிநபருக்கு 750, குடும்பத்துக்கு 1,500 டாலரைத் தாண்டாமல் இருந்தால்தான் இந்த விலக்கு. பல், கண்ணாடி தரும் எக்ஸ்ட்ராஸ் பாலிசியை மட்டும் வைத்திருந்தால் இரண்டு விதிகளுக்குமே அது கணக்கில்லை.

சரி, எதை எடுப்பது? மருத்துவமனைக் காப்பீடு கோல்டு, சில்வர், பிரான்ஸ், பேசிக் என்று நான்கு படியாக இருக்கிறது. எந்தப் படியில் எந்தச் சிகிச்சை குறைந்தபட்சம் இருக்க வேண்டும் என்பதை அரசு வகுத்திருக்கிறது. பிரசவம், கண்புரை, மூட்டு மாற்று ஆகியவை கட்டாயமாக இருப்பது கோல்டில்தான். "பிளஸ்" என்று பெயரில் வருபவற்றில் இவற்றில் சில இருக்கலாம், படித்துப் பார்க்க வேண்டும்.

நம் ஊர்க் காப்பீட்டிலிருந்து பெரிய வித்தியாசம் ஒன்று. ஆஸ்திரேலியவாசிகளுக்கான மருத்துவமனைக் காப்பீட்டில் வயதுக்கோ நோய்க்கோ தனி விலை கிடையாது, யாரையும் மறுக்கவும் கூடாது. சர்க்கரை உள்ளவரும் இல்லாதவரும் ஒரே பிரீமியம்தான் கட்டுகிறார்கள், மேலே சொன்ன கூடுதலையும் சில பாலிசிகளில் இளம் வயதினருக்குத் தரும் தள்ளுபடியையும் தவிர. காத்திருப்பு மட்டும் உண்டு: ஏற்கெனவே இருந்த நோய்க்கும் பிரசவத்துக்கும் 12 மாதம், மற்ற பெரும்பாலானவற்றுக்கு 2 மாதம். மனநலச் சிகிச்சைக்கு, முன்பே இருந்த நோயானாலும், 2 மாதம்தான். அது தெரியாமல் உதவி தேடாமலே இருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அவசரம் என்றால் பணக்காரரும் இங்கே பெரும்பாலும் அரசு மருத்துவமனைக்குத்தான் போகிறார், அதுதான் சரியும்கூட. தனியார் காப்பீடு உண்மையில் உதவுவது காத்திருக்கக்கூடிய சிகிச்சைகளில். மூட்டு மாற்று, கண்புரை, டான்சில் போன்றவற்றுக்கு அரசு வரிசை மாதக்கணக்கில், சில நேரம் வருடத்தைத் தாண்டியும் நீளும். மருத்துவரை நீங்களே தேர்ந்தெடுக்கவும் முடியும். முப்பது வயதில் ஆரோக்கியமாக, வரம்புக்குக் கீழே சம்பளத்தோடு இருப்பவர் அவசரப்பட்டு கோல்டு எடுக்க வேண்டியதில்லை. நாற்பத்தைந்தில் முழங்கால் வலியோடு வருபவர் தள்ளிப்போடக் கூடாது.

"கேப்" என்ற சொல்லைத் தெரிந்துகொள்ளுங்கள்

காப்பீடு இருந்தும் பில் வருகிறதே என்று எல்லாரும் ஒருமுறையாவது திகைக்கிறோம். ஒரு அறுவை சிகிச்சைக்கு மெடிகேர் பட்டியல் விலை 1,000 டாலர், மருத்துவர் கேட்பது 2,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியார் மருத்துவமனையில் மெடிகேர் 750 தரும், காப்பீடு 250 தரும். மீதி 1,500 உங்கள் கையிலிருந்து. அதுதான் கேப். மருத்துவர் உங்கள் நிறுவனத்தின் கேப் திட்டத்தில் சேர சம்மதித்தால் அது குறையும், அல்லது இல்லாமலே போகும். ஆகவே தேதி குறிக்கும் முன் மருத்துவரின் அலுவலகத்தில் மூன்றைக் கேளுங்கள்: சிகிச்சையின் மெடிகேர் ஐட்டம் எண், எழுத்தில் கட்டண விவரம், மயக்க மருந்து கொடுப்பவர் யார். மயக்க மருத்துவரின் பில் தனியாக வரும், அவர் வேறு விதமாகக் கட்டணம் வாங்குபவராக இருக்கலாம். ஐட்டம் எண்ணைக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொன்னால் எவ்வளவு வரும் என்று சொல்லிவிடுவார்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், இங்கே பிறந்தவர்களும் கேட்கிறார்கள்.

ஆம்புலன்ஸ் தனிக் கதை. மெடிகேர் அதற்குப் பணம் தராது. குவீன்ஸ்லாந்து, டாஸ்மேனியா மாநிலவாசிகளுக்கு மாநில அரசே பார்த்துக்கொள்கிறது. விக்டோரியாவில் ஆம்புலன்ஸ் விக்டோரியாவின் வருட உறுப்பினராகச் சேரலாம், சிறு தொகைதான். நியூ சவுத் வேல்ஸில் காப்பீட்டில் சேர்த்துக்கொள்வது நல்லது. உறவினர் வந்திருந்தால் உங்கள் பாலிசி அவரைக் காக்காது, அவருடையதில் தனியாக இருக்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்ப்பதும் புகார் சொல்வதும்

தொலைக்காட்சியில் விளம்பரம் செய்யும் ஒப்பீட்டுத் தளங்கள் எல்லா நிறுவனங்களையும் காட்டுவதில்லை, விற்றால் அவர்களுக்குக் கமிஷன் கிடைக்கிறது. அரசின் பிரைவேட்ஹெல்த் டாட் கவ் டாட் ஏயூ தளத்தில் எல்லாரும் இருக்கிறார்கள். ஒவ்வொரு பாலிசிக்கும் ஒரே வடிவத்தில் தகவல் தாள் இருக்கும், அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம். பிரீமியம் பெரும்பாலும் ஏப்ரல் 1-ஆம் தேதி கூடும். நிறுவனம் மாறினால், அதே அளவு பலனுக்கு நீங்கள் முடித்த காத்திருப்பைப் புதிய நிறுவனம் ஏற்க வேண்டும் என்பது சட்டம். விலை கூடிய கடிதம் வந்ததும் உட்கார்ந்து ஒப்பிடுங்கள். வருமானத்தைப் பொறுத்து அரசு தரும் பிரீமியத் தள்ளுபடியையும் கேட்டு வாங்குங்கள், ஓ.வி.எச்.சி.க்கு அது கிடையாது.

நிறுவனம் மறுத்தால் முதலில் எழுத்தில் காரணம் கேளுங்கள், எந்த விதியின்படி என்று. "ஏற்கெனவே இருந்த நோய்" என்றால் மருத்துவரின் கருத்தின் நகலையும் கேளுங்கள். திருப்தி இல்லையென்றால் காமன்வெல்த் ஆம்புட்ஸ்மன் என்னும் அரசுக் குறைகேட்பு அலுவலகத்தில் புகார் தரலாம். செலவு இல்லை. நான் அன்றைக்குப் பயந்துபோய் அதைச் செய்யவில்லை. முடிவு மாறியிருக்காது என்றே நினைக்கிறேன், ஆனாலும் கேட்டிருக்க வேண்டும்.

வீட்டில் ஒட்டி வைக்க

அம்மா இரண்டாம் முறை வந்தபோது, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டினேன். அவசரத்துக்கு 000. அவசரமா இல்லையா என்று தெரியாவிட்டால் ஹெல்த்டைரக்ட் நர்ஸிடம் கேட்க 1800 022 222. தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு 131 450, "தமிழ்" என்று ஆங்கிலத்தில் சொன்னால் போதும், இணைப்பார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் 24 மணி நேர எண்ணும் பாலிசி எண்ணும். அதற்குக் கீழே அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் அளவும், ஒவ்வாமை எதற்கு என்பதும், எங்கள் வீட்டு முகவரியும் ஆங்கிலத்தில். முகவரியை எழுதச் சொன்னது அம்மாதான். நாங்கள் வேலைக்குப் போன பிறகு ஏதாவது ஆனால், ஆம்புலன்ஸ்காரர் கேட்கும்போது தெருப் பெயர் வாயில் நுழையாது என்றார்.